யார் பெயருக்கும் பொருந்தும் முகம்

கீசாவின் புதிய பெரும் அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட பிறகு, எகிப்தியக் கலை பற்றி எழுதுவோர் பலருக்கும் ஒரே படம் போதுமானதாகிவிட்டது. நுழைவுக் கூடத்தில் நிற்கும் இரண்டாம் ராம்சேஸின் சிலைதான் அது. 11 மீட்டர் உயரம், 83 டன் எடை, 3,200 வயது. படத்தோடு ஒரு வாதமும் வருகிறது: இந்தச் சிலைகளைக் கிரேக்கக் கண்ணால் அளக்கக் கூடாது, இவற்றின் விறைப்பு திறமைக் குறைவு அல்ல, அழியாமையை நாடிய ஒரு நாகரிகம் விரும்பித் தேர்ந்த வடிவம் அது என்கிறார்கள். இவ்வளவையும் நான் தயங்காமல் ஏற்கிறேன். ஆனால் "ஆகவே பெருஞ்சிலையே அக்கலையின் சிகரம்" என்று முடிக்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

இரும்பு உளி இல்லாத காலத்தில் டோலரைட் என்ற கடினக் கல்லின் உருண்டைகளால் இடித்து இடித்தே கிரானைட்டை வழிக்குக் கொண்டுவந்தவர்களின் உழைப்பு யாரையும் தலை வணங்க வைக்கும். மெம்னன் சிலைகள் எனப்படும் மூன்றாம் அமென்ஹோதெப்பின் இரட்டையர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 700 டன். ஜெஹுதிஹோதெப் என்ற எகிப்திய அதிகாரியின் கல்லறை ஓவியத்தில், சறுக்குக் கட்டையில் ஏற்றிய சிலையை வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்க, ஒருவன் முன்னால் நின்று தரையில் நீர் ஊற்றுகிறான். ஈர மணலில் இழுக்கும் சுமை பாதியாகக் குறைகிறது என்பதை ஆம்ஸ்டர்டாம் இயற்பியலாளர்கள் 2014-இல் சோதித்துக் காட்டினார்கள். கோயிலுக்குள் நுழைய முடியாத எளியவர்களுக்கு வாயிலில் நின்ற பெருஞ்சிலையே தெய்வமாக இருந்தது. படைவீரர்கள் அதன்முன் கைகூப்பி நிற்கும் காட்சி செதுக்கிய கற்பலகைகள் ஹில்டெஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ளன. பொறியியலாக, வழிபாடாக, அரசியலாக இது மகத்தானது. சிற்பமாக அது என்ன என்பதே என் கேள்வி.

2017 மார்ச்சில் கெய்ரோவின் மத்தாரியா பகுதியில், நிலத்தடி நீரில் ஊறிய சேற்றுக்குள் இருந்து குவார்ட்சைட் பெருஞ்சிலை ஒன்றை வெளியே எடுத்தார்கள். கிடைத்தது மார்பும் தலையின் சில பகுதிகளும். ராம்சேஸாக இருக்கலாம் என்றார்கள். பிறகு முதுகுத் தூணில் இருந்த எழுத்தைப் படித்தபோது அது முதலாம் சம்மெதிக் என்ற அரசன் என்று தெரிந்தது. இருவருக்கும் நடுவே அறுநூறு ஆண்டுகள். ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கல்லில் அவர்களுக்குத் துப்பு கொடுக்க எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆறு நூற்றாண்டு இடைவெளியை எழுத்து காட்டிக்கொடுத்ததே தவிர, அந்த மார்பும் தோளும் காட்டவில்லை.

எகிப்தியர்களே இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். சிகாகோவில் இருக்கும் ஐந்து மீட்டர் சிலையின் முக அமைப்பு இளைஞன் துத்தன்காமுனுடையது. அவனுக்குப் பின் வந்த கிழவர் ஆய் அதில் தம் பெயரைப் பொறித்தார்; அதன் மேல் தளபதி ஹோரெம்ஹெப் தம் பெயரை வெட்டினார். முதியவருக்கும் போர்வீரருக்கும் ஒரு சிறுவனின் முகம் உறுத்தவே இல்லை. இந்த வழக்கத்தை ராம்சேஸ் ஒரு தொழிலாகவே நடத்தினார். மூன்றாம் அமென்ஹோதெப்பின் சிலைகள் பலவற்றில் உதட்டைச் செதுக்கி மெலிதாக்கி, வயிற்றைக் குறைத்து, பெயரை மாற்றித் தமதாக்கிக்கொண்டார். வேறு பலவற்றில் அந்தச் சிரமம்கூட இல்லை, பெயர் மட்டும் மாறியது.

இங்கே பெருஞ்சிலையின் ஆதரவாளர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எகிப்தியருக்குப் பெயரே ஆள், உருவ ஒற்றுமை முக்கியம் இல்லை, எனவே இது திருட்டும் அல்ல குறையும் அல்ல என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு அது விளக்கம். சிற்பத்துக்கு என்ன நேர்ந்தது என்பதற்குப் பதில் அல்ல. ஆளைச் சொல்லும் பொறுப்பை எழுத்து எடுத்துக்கொண்ட பிறகு சிற்பிக்கு மிஞ்சுவது பருமன் மட்டுமே. கட்டம் போட்டு, அளவைப் பெருக்கி, கூலிக்காரர் படையிடம் ஒப்படைக்கலாம். இருபது மீட்டர் உயரத்தில் கண்ணிமையின் கனத்தைக் கீழே நிற்பவன் பார்க்கப் போவதில்லை. பார்க்க முடியாததைச் செதுக்க யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

மரபே அப்படித்தான், அவர்களுக்கு முகம் பார்க்கத் தெரியாது என்றாவது சொல்ல முடியுமா? மூன்றாம் செனுஸ்ரெத்தின் சிலைகளைப் பாருங்கள். தொங்கும் இமைகள், கண்ணுக்குக் கீழே பை, கீழே இழுபட்ட வாய். அதுவும் அரசியல்தான், அந்தக் களைப்பும் அரசன் விரும்பிக் காட்டிய களைப்புதான். ஆனால் அதைக் காட்ட ஒரு சிற்பி ஒரு மனிதனைக் கூர்ந்து பார்த்திருக்கிறான். அமர்னாவில் துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையை 1912-இல் தொல்லியலாளர் போர்ஷார்ட் தோண்டியபோது நெஃபெர்தீதியின் தலையோடு, சாந்தில் செய்த வேறு முகங்களும் கிடைத்தன. கன்னம் ஒட்டியவர், நெற்றி சுருங்கியவர், வாயோரம் கோடு விழுந்தவர். இவ்வளவு தெரிந்தவர்கள், உயரம் கூடக்கூட இதையெல்லாம் கைவிட்டார்கள். அது எனக்கு ஆற்றாமை தருகிறது.

அரசன் அகெனாத்தன் கர்னாக் கோயிலில் நிறுத்திய பெருஞ்சிலைகள் இதற்கு விலக்கு என்பார்கள். உண்மைதான். நீண்ட முகம், தடித்த உதடு, சரிந்த வயிறு என்று பெருஞ்சிலையிலும் ஒரு புதிய சிந்தனையை வைக்கலாம் என்பதற்கு அவையே சான்று. ஆனால் அவை நின்ற கோயிலையே அடுத்து வந்தவர்கள் பிரித்துப்போட்டார்கள். சிலைகள் 1925-இல்தான் மண்ணிலிருந்து வெளியே வந்தன. மரபு திரும்பி வந்தபோது அபு சிம்பெலில் ஒரே முகத்தை நான்கு முறை, உட்கார்ந்த நிலையில் இருபது மீட்டர் உயரத்துக்கு வெட்டியது. அரசனின் தாயும் மனைவியும் அவன் முழங்காலை எட்டாமல் அருகில் நிற்கிறார்கள். யார் பெரியவர் என்பதைச் சொல்ல அளவைத் தவிர வேறு வழி அந்தக் கலைக்கு அங்கே தோன்றவில்லை. 1960-களில் அணை நீரிலிருந்து அக்கோயிலை அறுத்து மேலே ஏற்றிய பணி, என் பார்வையில், அதன் சிற்பத்தைவிட நுண்மையானது.

சிகரம் எது என்றால், நான் கஃப்ரே அரசனின் சிலையைச் சொல்வேன். அது ஆள் உயரத்தை ஒட்டியதுதான். சிங்காசனத்தில் அமர்ந்த அரசனின் தலைக்குப் பின்னால் பருந்து சிறகை விரித்து அணைக்கிறது. பக்கவாட்டில் போனால்தான் பறவை முழுதாகத் தெரியும். நேரே நின்றால் அரசன் மட்டும். பார்ப்பவன் நகர்ந்தால் பொருளும் நகர்கிறது. அழியாமை, தெய்வத்தன்மை, விறைப்பு என்று பெருஞ்சிலைக்காக வாதாடுவோர் சொல்லும் எல்லாமே அதில் இருக்கின்றன.

ராம்சேஸையே வேண்டுமானால் தூரின் நகர எகிப்திய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கருங்கல்லில், ஏறக்குறைய இரண்டு மீட்டரில், செங்கோலை மார்போடு பிடித்து அமர்ந்திருக்கிறார். தலை சற்றே குனிந்திருக்கிறது. மெல்லிய துணியின் மடிப்புகள் கையைச் சுற்றி ஓடுகின்றன. 1824-இல் எகிப்திய ஆய்வாளர் ஷாம்பொலியோன் அங்கே போனபோது அவரை வியக்க வைத்தது இந்தச் சிலைதான். எகிப்தியக் கலைக்கு ஒரு படம்தான் போட வேண்டும் என்றால் இதைப் போடலாம்.