சாசருக்கு முன் ஆங்கிலம் உறங்கியதா?

ஆங்கில இலக்கிய வரலாறு கூறும் சிறு கையேடுகள் பலவும் ஓரிடத்தில் ஒரு பெருந்தாவல் தாவும். பியோவுல்ப் காப்பியத்தைச் சொல்லி முடித்தவுடன் கி.பி. 1066-இல் நார்மானியர் படையெடுப்பைக் கூறும். பின்னர் மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து சாசரின் வாயிலில் வந்து நிற்கும். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நான் படித்த கையேடும் அத்தகையதே. இடையில் ஆங்கிலம் உறங்கிக் கிடந்தது என்று நெடுங்காலம் நானும் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை தவறு.

அரசவைக்குப் பிரெஞ்சு, திருச்சபைக்கு இலத்தீன், ஏர்பிடிப்போர்க்கு ஆங்கிலம் என்றானது உண்மையே. ஆயினும் பீட்டர்பரோ மடத்தில் 1154 வரை ஆண்டுக் குறிப்புகள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. 1200-ஐ ஒட்டி லாயமன் என்னும் வூஸ்டர்ஷயர் குருவானவர், பிரெஞ்சில் வேசு இயற்றிய நூலைத் தழுவி ஏறத்தாழ 16,000 அடிகளில் பிரிட்டன் வரலாற்றைப் பாடினார். ஆர்தர் மன்னன் ஆங்கிலத்தில் முதன்முதல் விரிவாகப் பேசப்படுவது அந்நூலில்தான்.

ஆர்ம் என்னும் துறவியைப் பற்றி ஆசிரியர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர் பாடியவை விவிலிய விளக்கங்கள். கவிச்சுவை தேடுவோர் பத்துப் பக்கங்களில் களைத்துவிடுவர், நானும் களைத்தேன். ஆனால் குற்றுயிரை அடுத்து வரும் மெய்யெழுத்தை இரட்டித்து எழுதும் ஒரு முறையை அவர் தாமே வகுத்து, ஆயிரக்கணக்கான அடிகளில் கடைப்பிடித்தார். படிப்பவன் நாக்குப் பிறழக்கூடாது என்ற கவலை அது. அவர் கைப்பட எழுதிய ஏடே இன்றும் உள்ளது. வகுப்பறையில் நின்றவர்க்கு அக்கவலை புரியும்.

அக்காலத்து நூல்களுள் என் உள்ளங்கவர்ந்தது ஆந்தையும் இராக்குயிலும் வழக்காடும் பாட்டு. ஆந்தை அறம் பேசும். குயில் இன்பம் பேசும். யார் பயனுடையவர் என்று ஏறத்தாழ 1,800 அடிகள் வாதிட்டு, தீர்ப்புக் கேட்க நிக்கலஸ் என்பவரை நாடிப் பறந்து செல்கின்றன. தீர்ப்பு இன்னதென்று புலவர் சொல்லவே இல்லை! அறிவுரையே இலக்கியமெனக் கருதிய காலத்தில் இப்படியொரு துணிவு. உறங்கிய மொழியா இது?

1362-இல் வழக்குமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. அதை ஒட்டியே புலவர் பலர் எழுந்தனர். லண்டன் துறைமுகச் சுங்க அலுவலரான சாசர், பிரெஞ்சு, இத்தாலிய வழியில் இயைபுத் தொடையை வளர்த்தார். மாந்தரைப் பேச வைப்பதில் அவருக்கு நிகரில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே தலைமுறையில் லாங்லாந்தும், வடமேற்கு வட்டாரத்துப் பெயர் தெரியாப் புலவர் ஒருவரும் பழைய மோனை யாப்பிலேயே பாடினர். வரிக்கு நான்கு அழுத்தம்; அவற்றுள் முதல் மூன்றும் பெரும்பாலும் மோனை பெறும். தாம் தென்னாட்டான், அந்த மோனை தமக்கு வராது என்று சாசரின் பாத்திரமான குருவானவர் ஏளனம் செய்கிறார்.

பெயரறியாப் புலவர் பாடிய கவைன் கதையில், உயிருக்கு அஞ்சி ஒரு பச்சைக் கச்சையை மறைத்துக்கொண்ட வீரன், பின்பு அச்சிறு பிழைக்காக நாணிக் குமைகின்றான். மற்றவர் சிரித்து மன்னித்தும் அவன் தன்னை மன்னிக்கவில்லை. இத்தகைய நாணத்தைச் சாசரிடம் நான் கண்டதில்லை.

அவ்வாறிருக்க, ‘கவிதைத் தந்தை’ என்னும் பட்டம் ஒருவர்க்கே போனது ஏன்? லண்டன் வழக்கே பொதுமொழிக்கு அடிப்படையானது ஒரு காரணம், அச்சு மற்றொன்று. 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய காக்ஸ்டன், 1483-க்குள் சாசரின் காண்டர்பரிக் கதைகளை இருமுறை அச்சிட்டார். லாங்லாந்தின் நூல் 1550-இல்தான் அச்சேறியது. கவைன் கதையோ ஒரே ஒரு சுவடியில், காட்டன் நூலகத்தில் கிடந்தது. 1731-இல் அந்நூலகத்தைத் தீ பற்றியபோதும் தப்பியது. 1700-இல் டிரைடன் சாசருக்குத் தந்தைப் பட்டம் சூட்டியபோது, அச்சுவடி அச்சுருப் பெற இன்னும் 139 ஆண்டுகள் இருந்தன.