பொன்னியின் செல்வனும் சார்புப் புதினங்களும்: முத்துத்துறையினின்று ஒரு மதிப்பீடு

பெருங்கதை ஒன்றைக் கற்று முடித்தோர், அக்கதையுலகை விட்டு நீங்க மனமின்றி, அதனைச் சார்ந்தெழுந்த பிற நூல்களைத் தேடுதல் இயல்பு. மேலைநாட்டில் ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளித் திரைக்கதையைச் சார்ந்து புதினங்கள் பல தோன்றின. 2014-இல் அதன் உரிமை பெற்ற நிறுவனம் அவற்றை மூலக்கதையோடு சேராதவை என ஒதுக்கியது. தமிழில் இதற்கு ஒப்பாகக் கூறத்தக்கது, 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வன். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை. ஆதலின் இன்ன சார்புநூல் ஏற்புடைத்து, இன்னது அன்று என விதிக்கும் உரிமையாளர் ஈண்டு இலர். அக்கடமை திறனாய்வாளரைச் சேர்ந்தது. எந்நூல்களைக் கற்போர்க்குப் பரிந்துரைக்கலாம் என்பதனைக் கொற்கை, தூத்துக்குடி ஆகிய முத்துத்துறைகளை நோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோலை வெளியே தேட வேண்டுவதில்லை. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினார். முதல்நூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டிய வேறுபாட்டையும் கூறுவது வழிநூல். ஒருபுடை ஒத்து, ஏனையவற்றில் வேறுபட்டுச் செல்வது சார்புநூல். வேறுபாடு இரண்டற்கும் உரியதென்பது கருதத்தக்கது. முதல்நூலையே மீட்டும் உரைப்பது எவ்வகையினும் அடங்காது. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகளாக ஒதுங்கி நின்றவள், மணிமேகலையில் காப்பியத் தலைவியாகின்றாள். முன்னூல் விட்ட இடத்தைப் பின்னூல் நிரப்பும் நெறி தமிழுக்குப் புதிதன்று.

இனிப் புதினங்களைக் காண்போம். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாகவே எழுந்தது. ஆதலின் வழிநூல் எனத்தகும். கல்கியின் கதைமாந்தரைப் பிரிய மனமில்லார் முதற்கண் நாடுவது இதனையே. ஆயின் முன்னோர் குரலைப் பேணுதலில் கொண்ட கவனம், பின்னோர்க்குரிய வேறுபாட்டை அருகச் செய்துவிட்டது. பாலகுமாரனின் ‘உடையார்’ அவ்வாறன்று. இராசராசன் அரியணை ஏறிய பின் தஞ்சைப் பெருங்கோயில் எழுந்த வரலாற்றை ஆறு பகுதிகளில் விரிக்கும் அந்நூல், கல் சுமந்தோரையும் சிற்பியரையும் கதைக்குள் கொணர்கின்றது. அதன் சிறப்பு ஆண்டே உள்ளது.

மூன்று நூல்களை ஒன்றாக இணைக்கும் இழை ஒன்றுண்டு. அது பாண்டியர் மணிமுடி. முதற் பராந்தகனிடம் தோற்ற மூன்றாம் இராசசிம்மன் ஈழம் புகுந்து, தன் முடியை ஆண்டே விட்டு நீங்கினான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் இராசேந்திரன் அதனைக் கைப்பற்றினான் என்பது அவன் மெய்க்கீர்த்தியால் புலனாகும். நா. பார்த்தசாரதியின் ‘பாண்டிமாதேவி’ முடி நீங்கிய காலத்தைப் பாண்டியர் பக்கம் நின்று கூறுகின்றது. பொன்னியின் செல்வனில் அம்முடி ஈழத்தில் மறைந்து கிடக்கும் பொருளாகப் பேசப்படுகின்றது. 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ அம்முடி மீட்சியைப் பொருளாகக் கொண்டது. இம்மூன்றையும் இவ்வரிசையிற் கற்பார்க்கு, சோழர்க்கு வெற்றியாகத் தோன்றும் ஒரு நிகழ்ச்சியே பாண்டியர்க்கு இழப்பாதல் விளங்கும். ஒரு நூலால் எய்தலாகாத இந்நடுநிலை, சார்புநூற் பயிற்சியால் எய்தும் பயன் என்க.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகின்றது. முடியைப் பற்றி இத்துணை பேசிய புதினங்கள், பாண்டியர் செல்வத்திற்கு ஊற்றாகிய முத்துத்துறையைக் கதையின் நடுவிடமாகக் கொள்ளவில்லை. கல்கியின் கடற்கரை கோடிக்கரையும் நாகைப்பட்டினமுமே. படகு செலுத்தும் பூங்குழலி மறக்கவொண்ணாப் படைப்பேயாயினும், கதை அவளைச் சோழ அரண்மனையை நோக்கியே ஈர்க்கின்றது. செங்கடற் பயணநூலை எழுதிய யவனர், கொற்கையில் முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் எனக் குறித்தார். முடியை அணிந்தோர்க்குப் புதினங்கள் பல. மூச்சடக்கி மூழ்கினோர்க்கு அவற்றில் இடம் அரிது.

இவ்விடத்தை நிரப்புவது ஜோ டி குரூஸின் ‘கொற்கை’. 2009-இல் வெளிவந்து 2013-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இந்நூல், இருபதாம் நூற்றாண்டுத் தூத்துக்குடியின் பரதவர் வாழ்வையும் தோணித் தொழிலின் ஏற்றத் தாழ்வையும் கூறுகின்றது. ஆற்று வண்டலால் கடல் விலகிய பழந்துறையின் பெயரை இன்றைய துறைமுகத்துக்குச் சூட்டியமையே, இரண்டும் ஒரே மரபின் தொடர்ச்சி என்னும் ஆசிரியர் கருத்தைக் காட்டும். கதைமாந்தர் மிக்குப் பெருகி இழை தடுமாறும் இடங்கள் உண்டு. வட்டார வழக்கும் புதியோர்க்குத் தடையாகலாம். இந்நூல் முறைப்படி பொன்னியின் செல்வனுக்குச் சார்புநூல் அன்று. எனினும் அரச மரபிற்குரிய பெருங்கதை வடிவைத் தோணித் தண்டல்களுக்கும் கடலோடிகளுக்கும் உரியதாக்கிய வகையால், சார்புநூல்கள் செய்யத் தவறிய பணியை இதுவே செய்தது.

ஆகவே பாண்டிமாதேவி, பொன்னியின் செல்வன், வேங்கையின் மைந்தன், அவற்றின் இறுதியில் கொற்கை என்பதே யாம் பரிந்துரைக்கும் வரிசை. நந்திபுரத்து நாயகியும் உடையாரும் விருப்பத்திற்கு ஏற்பக் கொள்ளத்தக்கன. முத்துக்குளித் துறையைக் களமாகக் கொண்டு பாண்டியர் காலக் கதை எழுத முனைவார்க்கு இடம் இன்னும் ஒழிந்தே உள்ளது.