நடக்காத விபத்துக்கு ரீப்ளே கிடையாது

சைக்கிள் பந்தய உலகில் டைம் டிரையலுக்கு ‘உண்மையின் பந்தயம்’ என்றொரு பட்டப்பெயர் இருக்கிறது. சாதாரணச் சாலைப் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றை ஏமாற்றலாம். தண்ணீர் வேண்டுமென்றால் அணித்தோழர் கொண்டுவந்து தருவார். கடைசி 200 மீட்டரில் மட்டும் தலையை வெளியே நீட்டி ஜெயித்துவிட்டும் போகலாம். டைம் டிரையலில் அதெல்லாம் நடக்காது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் இடைவெளிவிட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். ஆள், சைக்கிள், கடிகாரம், அவ்வளவுதான். இங்கே பொய் சொல்ல முடியாது என்பது நம்பிக்கை.

மழை பெய்தால் இந்த நம்பிக்கை என்ன ஆகிறது? அந்த மழையை டிவியும் ஆவணப்படங்களும் நமக்கு எப்படிக் கதையாகச் சொல்கின்றன? இதுவரை நான் பார்த்ததில் பெரும்பாலானவை தவறான இடத்தில் கேமராவை வைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

2022 ஜூலை 1-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருஷ டூர் டி பிரான்ஸின் முதல் நாள். கோபன்ஹேகன் நகரத்துக்குள் 13.2 கிலோமீட்டர் டைம் டிரையல். மழை பிற்பாடுதான் வலுக்கும் என்று கணக்குப்போட்டு, பல அணிகள் தங்கள் பெரிய வீரர்களை முன்கூட்டியே இறக்கின. மழை அவர்களை முந்திக்கொண்டது. வவுட் வான் ஆர்ட், தடேய் போகச்சார், பிலிப்போ கன்னா எல்லோருக்கும் ஈரச் சாலைதான் கிடைத்தது. ஜெயிக்கக்கூடியவர் என்று பேசப்பட்ட ஸ்டெஃபான் பிஸெக்கர் ஒரே ஓட்டத்தில் இரண்டு முறை விழுந்தார். பிறகு சாலை கொஞ்சம் காய ஆரம்பித்த நேரத்தில் ஈவ் லாம்பார்ட் கிளம்பினார். 15 நிமிடம் 17 விநாடி. வான் ஆர்ட்டைவிட 5 விநாடி குறைவு. பேட்டியில் கண்ணீர்விட்டபடி, தான் பெல்ஜியத்து விவசாயி மகன் என்றார். அன்றைய கதை அந்த இடத்தில் முடிந்துவிட்டது: யாரும் எதிர்பார்க்காத எளிய மனிதன், மழை, மஞ்சள் ஜெர்சி.

அழகான கதைதான். லாம்பார்ட் தகுதியில்லாதவர் என்றும் நான் சொல்லவரவில்லை; முன்பே பெல்ஜியத்தின் தேசிய டைம் டிரையல் சாம்பியனாக இருந்தவர் அவர். என் கேள்வி சின்னது. அந்த 5 விநாடி எங்கிருந்து வந்தது?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 மீட்டர் ஆரம் உள்ள, தொண்ணூறு டிகிரி தெருமுனை ஒன்று. காய்ந்த தாரில் உராய்வுக் குணகம் சுமாராக 0.8 என்றால், வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். அதே முனை நனைந்து குணகம் 0.5 ஆனால் 31 கிலோமீட்டர். அந்த 24 மீட்டர் வளைவில் மட்டும் அரை விநாடிக்கு மேல் போய்விடும். முன்கூட்டியே பிரேக் பிடிப்பது, திரும்பியபின் மறுபடி 55-க்கு ஏற்றுவது எல்லாம் தனி. இப்படிப் பத்து முனை இருந்தாலே 5 விநாடி வந்துவிடுகிறது. தொடையில் எவ்வளவு பலம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

டைம் டிரையல் சைக்கிளின் அமைப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. ஹேண்டில்பாருக்கு நடுவிலிருந்து இரண்டு கம்பிகள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கைகளைத் தாங்கியில் ஊன்றி, அந்தக் கம்பிகளைப் பிடித்துக் குனிந்தால்தான் காற்று குறைவாக இடிக்கும். ஆனால் பிரேக் அங்கே இல்லை, கீழே அகலமான பாரில் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் கையை எடுத்து அங்கே கொண்டுபோக வேண்டும். எடுத்த நொடியே மார்பில் காற்று மோதும், வேகம் இறங்கும். ஆகவே மழை நாளில் ஒருவர் எடுக்கும் முக்கியமான முடிவு கை எப்போது இடம் மாறுகிறது என்பதுதான். ஜீப்ரா கிராசிங்கின் வெள்ளைப் பட்டைக்கு முன்னாலா, அதைத் தாண்டியா? டூ-வீலர் ஓட்டுகிற யாருக்கும் இது புரியும். நனைந்த வெள்ளைப் பெயின்ட்டும் இரும்பு மூடியும் என்ன செய்யும் என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரே கேள்வித்தாள், ஒரே மூன்று மணி நேரம், அதனால் முடிவு நியாயமானது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, டைம் டிரையல் நமக்கு உடனே பிடித்துவிடுகிறது. ஆனால் என் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. இரண்டு புரோகிராம்களில் எது வேகமானது என்று பார்க்க வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே நிலையில் உள்ள சர்வரில் ஓட்ட வேண்டும். ஒன்று ஓடும்போது சர்வரில் வேறு பத்து வேலைகள் நடந்துகொண்டிருந்தால் அந்த எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கடிகாரம் சரியாகத்தான் காட்டும், அளக்கப்பட்ட பொருள்தான் வேறாகியிருக்கும். கோபன்ஹேகனில் இருந்தது ஒரு சாலை அல்ல, மணிக்கு மணி மாறிய பல சாலைகள்.

இது புதிதும் இல்லை. 1995 டூரின் முதல் நாள், செயின்ட் பிரியூக் நகரம். முந்தைய வருஷம் இதே முதல் நாள் ஓட்டத்தை மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஜெயித்திருந்த கிறிஸ் போர்ட்மேன், இந்த முறை ராத்திரி மழையில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்து வீடு திரும்பினார். மழைக்கு முன்பே காய்ந்த சாலையில் ஓடிமுடித்திருந்த ஜாக்கி டுராண்ட் மஞ்சள் ஜெர்சி போட்டார். 2003-இல் கடைசிக்கு முந்தைய நாள், போர்னிக்கிலிருந்து நான்ட் வரை 49 கிலோமீட்டர். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கைவிட 1 நிமிடம் 5 விநாடி பின்தங்கியிருந்த யான் உல்ரிச் மழையில் ரவுண்டானா ஒன்றில் சறுக்கி விழ, டூர் அங்கேயே முடிந்தது. அன்றைய ஓட்டத்தை ஜெயித்தவர் டேவிட் மில்லர். மறுவருஷமே மில்லர் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் 2012-இல் பறிக்கப்பட்டன. உல்ரிச்சும் பின்னாளில் ஒத்துக்கொண்டார். ‘உண்மையின் பந்தயம்’ என்ற பெயருக்கு இதைவிடப் பெரிய நக்கல் வேண்டாம்.

இப்போது கதைசொல்லிகளிடம் வருகிறேன். நெட்ஃபிளிக்ஸின் ‘டூர் டி பிரான்ஸ்: அன்செயின்ட்’ தொடரின் முதல் பருவம் இந்த 2022 டூரைத்தான் எட்டு அத்தியாயங்களில் சொல்கிறது, கோபன்ஹேகனில் தொடங்கி. அதன் மொழி உங்களுக்குத் தெரிந்ததே. இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு, அதிரும் இசை, நடுநடுவே நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய பயத்தை விளக்கும் முகங்கள். கூட்டத்துக்குள் நடக்கும் பந்தயத்துக்கு இந்த மொழி ஓரளவு ஒத்துவருகிறது. டைம் டிரையலுக்கு ஒத்துவரவே இல்லை. ஏனென்றால் இங்கே நடப்பது தொடர்ச்சி. ஒரு மனிதன் பதினைந்து நிமிஷம் ஒரே வலியை ஒரே அளவில் பிடித்துவைத்திருக்கிறான். அதை வெட்டினால் மிச்சம் இருப்பது விழுவதும் ஜெயிப்பதும்தான். மழை அங்கே வில்லன் வேஷம் கட்டுகிறது, வேகம் வீரமாகிறது, பிரேக் பிடித்தவன் கதையிலேயே இல்லை.

இதற்கு நேர் எதிரான படம் ஒன்று 1974-இலேயே வந்துவிட்டது. டென்மார்க் கவிஞர் யோர்கன் லெத் எடுத்த ‘ஸ்டார்ஸ் அண்ட் வாட்டர்கேரியர்ஸ்’. 1973 ஜீரோ டி இத்தாலியா பற்றியது. முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை எட்டி மெர்க்ஸ் முன்னணியில் இருந்த பந்தயம் அது, ஆகவே யார் ஜெயிப்பார் என்ற சஸ்பென்ஸே கிடையாது. மழைக்காக நான் அந்தப் படத்தைச் சொல்லவில்லை. டைம் டிரையல் பகுதியில் லெத் மெர்க்ஸை விட்டுவிட்டு ஓலே ரிட்டரிடம் போகிறார். ஒரு மணி நேர உலக சாதனையை ஒருகாலத்தில் வைத்திருந்த தனி ஓட்டக்காரர். தயாராகும் மனிதனையும் சைக்கிளையும் கேமரா அவசரமில்லாமல் பார்க்கிறது. பிறகு அவரோடு சேர்ந்து போகிறது. உள்ளே என்ன உணர்ந்தார் என்று யாரும் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதில்லை. முதுகின் அசைவின்மையை நாமே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணோடு யாராவது ஒரு மழை டைம் டிரையலை எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பந்தய வடிவமே காட்சிக்காகப் பிறந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1890-களில் சாலையில் கூட்டமாக ஓடும் சைக்கிள் பந்தயங்களுக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, போலீஸ் கண்ணில் படாமல் ஓட ஒரு வழி தேவைப்பட்டது. விடியற்காலை, கறுப்பு உடை, ஊர்ப்பெயருக்குப் பதில் ரகசியக் குறியீடு உள்ள பாதை, ஒவ்வொருவராகப் புறப்பாடு. யாரும் பார்க்கக்கூடாது என்பதுதான் அங்கே விதி. அந்த வடிவத்தை 1934-இல் டூருக்குள் கொண்டுவந்து, பின்னாளில் டிவி கேமரா முன்னால் நிறுத்தியபோது, பார்க்கும் முறையையும் புதிதாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும். செய்யவில்லை.

இதை வெறும் சினிமா ரசனைப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. 2017 டூரின் முதல் நாள், டுசெல்டார்ஃபில் 14 கிலோமீட்டர், மழை. 37 வயது அலெஹாந்த்ரோ வால்வெர்தே ஒரு வளைவில் வழுக்கித் தடுப்பில் போய் மோதினார். முழங்கால் சில்லு உடைந்தது. அவர் அடுத்த வருஷம் உலகச் சாம்பியன் ஆனதால் இன்று அது ‘மீண்டுவந்த வீரன்’ கதையின் முதல் காட்சியாகிவிட்டது. மீளாதவர்களுக்கு அந்தக் காட்சி எதன் தொடக்கமும் இல்லை. ஈரத்தில் வேகத்தைக் குறைப்பது கோழைத்தனம் என்று ஒரு கதை நமக்குள் இறங்கினால், அதன் விலையை எலும்புதான் கொடுக்கிறது.

கடைசியாக 2024 ஜூலை 27, பாரிஸ் ஒலிம்பிக்ஸ். மழையில் 32.4 கிலோமீட்டர். பெண்கள் பிரிவில் பலர் விழுந்தார்கள். அமெரிக்காவின் குளோயி டைகர்ட் விழுந்து எழுந்து வெண்கலம் வாங்கினார். வெள்ளி வாங்கிய பிரிட்டனின் அன்னா ஹெண்டர்சனுக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒரு முழு விநாடிகூட இல்லை. அந்த வீழ்ச்சி காணொளியாகச் சுற்றியது, இன்னும் சுற்றுகிறது.

தங்கம் வாங்கியவர் ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன். இரண்டாமிடத்தைவிட ஒன்றரை நிமிஷத்துக்கும் மேல் முன்னால். டைம் டிரையலில் இது மலைபோன்ற இடைவெளி. அவர் ஓட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. 39 நிமிஷம் 38 விநாடி, ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டார். எந்த முனையில் கையை எடுத்தார், எந்தப் பட்டையைத் தவிர்த்து ஒரு அடி சுற்றிப்போனார், எங்கே அரை விநாடியைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார் என்று எந்தத் தொகுப்பும் காட்டவில்லை. நடக்காத விபத்துக்கு ரீப்ளே கிடையாது.

முழு ஒளிபரப்பு எங்காவது கிடைத்தால் ஒரு முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். திரையின் மூலையில் ஓடும் எண்களை விடுங்கள். திருப்பம் வரும்போது கைகளை மட்டும் கவனியுங்கள்.