மணமும் குருத்துவமும்: ஒரு நூலின் வாதம்

கினி நாட்டுக் கர்தினால் ராபர்ட் சாராவும் ஓய்வுபெற்ற திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் சேர்ந்து எழுதியதாக ஒரு நூல் 2020 ஜனவரியில் பிரான்சில் வெளிவந்தது. 'எங்கள் இதயங்களின் ஆழத்திலிருந்து' என்று பொருள்படும் தலைப்பு. சில நாட்களிலேயே பெனடிக்ட், இணையாசிரியர் என்று தம் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளே இருக்கும் கட்டுரை தம்முடையதல்ல என்று சொல்லவில்லை. பத்திரிகைகள் இந்தப் பெயர்த் தகராறைப் பிடித்துக்கொண்டன. வாதத்தை எடைபோட்டவர்கள் குறைவு.

நூல் வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 2019 அக்டோபரில் கூடிய அமேசான் ஆயர் மாமன்றம், குருவின் கால் எப்போதாவது மட்டுமே படும் ஊர்களில், திருத்தொண்டர்களாக நன்கு பணியாற்றிய குடும்பஸ்தர்களைக் குருக்களாக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் அதற்கு இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

பெனடிக்டின் வாதம் சுருக்கமாக இது: பழைய இஸ்ரயேலின் குருக்கள் ஆலயப் பணி முறை வரும் நாட்களில் மட்டும் மனைவியை விட்டு விலகியிருந்தார்கள். கிறிஸ்தவக் குரு நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றுகிறார். ஆகவே அவருடைய விலகலும் நிரந்தரமாகிறது. மேலும், திருமணம் ஒருவனை முழுமையாகக் கேட்கிறது. குருத்துவமும் அப்படியே கேட்கிறது. ஒரே ஆள் இரண்டுக்கும் முழுமையாகத் தன்னைத் தர முடியாது. மணத்துறவு, இந்தக் கணக்கில், திருச்சபை இயற்றிய விதியாக நிற்காமல் குருத்துவத்தின் இயல்பிலேயே ஊறியதாகிவிடுகிறது.

முதல் பகுதியை வரலாறே அசைக்கிறது. 692ஆம் ஆண்டளவில் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய துருல்லோ சங்கம் இதே பழைய ஏற்பாட்டு ஒழுங்கைத்தான் முன்னால் வைத்தது. ஆனால் வந்து சேர்ந்த முடிவு வேறு: மணமான குரு பலிபீடப் பணியின் வேளையில் விலகியிருக்கட்டும், மனைவியைத் தள்ளிவிடக் கூடாது. விலகலை நிரந்தரமாக்கும் ரோமைப் பழக்கத்தைப் பெயர் சொல்லியே அது மறுத்தது. ஒரே தொடக்கத்திலிருந்து இரண்டு மரபுகள் இரண்டு திசையில் போயிருக்கின்றன என்றால், இடையில் உள்ளது தர்க்கத்தின் கட்டாயம் என்று சொல்ல முடியாது.

நூல் சறுக்குவது திருமண இறையியலில்தான். கத்தோலிக்கச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. பங்கு மக்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். முறையாக நடந்த திருமணமே ஆனாலும், தாம்பத்திய உறவு நிகழாதிருந்தால், தக்க காரணத்துக்காகத் திருத்தந்தை அதைக் கலைக்கலாம். திருமுழுக்குப் பெற்ற இருவரின் மணத்தில் உறவு நிகழ்ந்துவிட்டால் சாவு ஒன்றைத் தவிர எதுவும் பிரிக்க முடியாது. அதாவது, கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள பிரியாத உறவின் அடையாளமாக, எபேசியருக்கு எழுதிய திருமுகம் சொல்லும் அந்தப் பேருண்மையாக, ஒரு மணம் நிறைவு பெறுவது உடல் இணைவதால். அருளடையாளத்தை நிறைவாக்கும் அதே செயல், இன்னோர் அருளடையாளத்தின் வாசலில் தகுதியின்மையாக மாறிவிடுமா? பெனடிக்ட் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்ளவில்லை. உடலுறவு தீட்டு என்ற பழைய தூய்மைக் கோட்பாட்டை வாசலில் தடுத்துவிட்டதாக நினைத்து, பின்கட்டு வழியே உள்ளே விட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

'முழுமையான கையளிப்பு' வாதம் இதைவிட நுட்பமானது. மணமாகாதவன் ஆண்டவருக்குரியவற்றில் அக்கறை கொள்கிறான், மணமானவனின் மனம் பிளவுபடுகிறது என்ற கருத்து பவுலிடமே உண்டு. நள்ளிரவில் நோயில்பூசுதலுக்குக் கதவு தட்டப்படும் பங்குத்தந்தையின் வாழ்க்கையைப் பார்த்தவர்கள் அதை லேசாகத் தள்ள மாட்டார்கள். ஆனால் பவுல் சொல்வது எது சிறந்தது என்ற ஆலோசனை. எது இயலாதது என்ற தீர்ப்பு அன்று. ரோமையோடு ஒன்றிய கிழக்குத் திருச்சபைகளின் மணமான குரு அரைக்குரு என்று எந்தத் திருத்தந்தையும் சொன்னதில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குருத்துவத்தின் இயல்பு மணத்துறவைக் கட்டாயமாகக் கேட்கவில்லை என்று வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. 1990இல் வந்த கிழக்குத் திருச்சபைகளின் சட்டத் தொகுப்பு, மணமான குருக்களின் நிலையை மதிப்புக்குரியது என்கிறது.

இன்னொன்று: ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வரும் மணமான போதகர்களைத் தனித்தனியாக ஆராய்ந்து குருக்களாக்கலாம் என்று 2009இல் வழி திறந்தவர் இதே பெனடிக்ட். ஒப்பிட்டுப் பாருங்கள்: திருப்பலிக்குக் கோதுமை அப்பத்துக்குப் பதில் அரிசி அப்பம் வைக்க எந்தத் திருத்தந்தையாலும் அனுமதி தர முடியாது. அது இயல்பைச் சேர்ந்தது. விலக்கு தர முடிகிறது என்றாலே அது சட்டம்.

சட்டத்தை இறையியலாக்கினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் சான்று இருக்கிறது. 1889இல் மினியாபோலிஸ் நகருக்குப் பணியாற்ற வந்த கிழக்கு வழிபாட்டு முறைக் குரு அலெக்சிஸ் தோத்தை, பேராயர் ஜான் அயர்லாந்து ஏற்க மறுத்தார். தோத் மனைவியை இழந்தவர். மணந்திருந்தவர் என்பதே பேராயருக்குப் பொறுக்கவில்லை. 1891இல் தோத் தம் மக்களோடு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார். பின்னால் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். மணமான கிழக்குக் குருக்களுக்கு அங்கே 1929இல் ரோமை மீண்டும் உறுதிப்படுத்திய தடை 2014இல்தான் நீங்கியது. நம் பக்கத்தில், மணமான கத்தனார்கள் (குருக்கள்) இருந்த தோமா கிறிஸ்தவர்மீது 1599இல் உதயம்பேரூர் சங்கம் இலத்தீன் ஒழுங்கைத் திணித்ததும் இந்த வரிசையில் வரும்.

மணத்துறவை எதிர்க்கும் தரப்பும் கறாராகப் பேசுவதில்லை. சொத்து வாரிசுகளிடம் போய்விடக் கூடாது என்பதற்காக இடைக்காலத்தில் போட்ட விதி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். குருவின் திருமணம் செல்லாது என்று 1139இல் இரண்டாம் இலாத்தரன் சங்கம் அறிவித்ததன் பின்னணியில் சொத்துக் கவலை இருந்தது உண்மை. ஆனால் ஸ்பெயினின் எல்விரா சங்கம் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குருக்களிடம் விலகலைக் கேட்டது. கிழக்கிலும் மணமானவர் குருவாகலாமே தவிர, குருவானவர் மணக்க முடியாது; மனைவி இறந்தால் மறுமணம் இல்லை; ஆயர் பதவி மணபந்தத்தில் இல்லாதவருக்கே. மணமும் குருத்துவமும் தடையில்லாமல் பொருந்தும் என்பவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

சாரா எழுதிய பகுதியில் மனத்தில் நிற்பது அவருடைய கினி அனுபவம். 1967இல் சேக்கு தூரே அரசு வெளிநாட்டு மறைப்பணியாளர்களை வெளியேற்றியது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் குருவைக் காணாத கிராமங்களுக்குச் சாரா இளம் குருவாகப் போனபோது, அங்கே உபதேசியார்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து விசுவாசத்தைக் காத்து வைத்திருந்ததைப் பார்க்கிறார். நற்கருணைக்கான அந்த மக்களின் பசி அவரை உலுக்குகிறது. ஊருக்கொரு மணமானவரைக் குருவாக்கியிருந்தால் அந்தப் பசியே தணிந்து மறைந்திருக்கும் என்கிறார். சாட்சியம் உருக்கமானது, முடிவுதான் தலைகீழ். பசித்தவனுக்குச் சோறு போட்டால் பசியின் மேன்மை கெடும் என்று யாரும் பந்தியை நிறுத்துவதில்லை.

மணத்துறவு இலத்தீன் திருச்சபைக்கு எவ்வளவு பொருத்தமானது, எவ்வளவு அழகானது என்பதை இந்நூல் நன்றாகவே காட்டுகிறது. அது குருத்துவத்தின் இயல்பு என்று நிறுவ எடுத்த முயற்சி தோற்றிருக்கிறது. அந்தத் தோல்வியில் திருமணம் என்ற அருளடையாளம் சிறுமைப்பட்டதும் சேர்த்தி. விதியை வைத்துக்கொள்ளத் திருச்சபைக்கு உரிமை உண்டு, விதி என்றே சொல்லி வைத்துக்கொள்ளட்டும். 2020 பிப்ரவரியில் பிரான்சிஸ் அமேசானுக்கு எழுதிய மடல், மாமன்றத்தின் பரிந்துரையை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.