இழப்புக்குப் பிந்தைய இசை: ஆல்மன் பிரதர்ஸின் கடைசி ஸ்டுடியோ ஆல்பம்

ப்ளூஸ் ராக் குழுக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் இளமைக் காலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் ஐந்தாறு ஆண்டுகளின் ஆல்பங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. பிறகு வந்தவை ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன. ப்ளூஸின் இயல்புக்கே முரணான பழக்கம் இது. மடி வாட்டர்ஸும் ஜான் லீ ஹூக்கரும் முதிர்ந்த வயதில் பாடியதை அதே ரசிகர்கள்தான் கொண்டாடுகிறார்கள். அந்த மரபிலிருந்து கிளைத்த ராக் குழுக்களுக்கு மட்டும் முதுமை குறையாகிவிடுகிறது. இந்தப் பார்வையால் அதிகம் இழந்த ஆல்பம் என்று ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'ஹிட்டின் த நோட்'டைச் சொல்வேன். 2003 மார்ச்சில் வெளிவந்த இது அவர்களின் கடைசி ஸ்டுடியோ ஆல்பம்.

பிற்கால ஆல்பங்களின் வழிகள்

முதிர்ந்த ப்ளூஸ் ராக் குழுக்கள் ஸ்டுடியோவுக்குத் திரும்பும்போது அவற்றின் முன்னே சில வழிகள் இருக்கின்றன. முதல் வழி, தொடங்கிய இடத்துக்கே போவது. ரோலிங் ஸ்டோன்ஸ் 2015 டிசம்பரில் மூன்றே நாட்களில் பதிவுசெய்த 'ப்ளூ அண்ட் லோன்சம்' அப்படிப்பட்டது. அதிலுள்ள 12 பாடல்களும் பிறருடைய ப்ளூஸ் பாடல்கள்தாம். இரண்டாவது வழி, பழைய ஒலியை வைத்துக்கொண்டு புதிய சரக்கைத் தேடுவது. ஸீஸீ டாப் 2012இல் வெளியிட்ட 'லா ஃபுதுரா'வின் தொடக்கப் பாடல், ஹூஸ்டன் ஹிப்ஹாப் பாடல் ஒன்றை எடுத்து டெக்சஸ் ப்ளூஸாக மாற்றியது. இரண்டுமே மதிக்கத்தக்க முயற்சிகள்.

ஆனால் இவ்விரு குழுக்களிலும் அடையாளக் குரலும் கிதாரும் அப்போது மாறாமல் இருந்தன. ஆல்மன் பிரதர்ஸின் நிலை வேறு. குழுவின் உருவத்தைத் தீர்மானித்த இரண்டு கிதார் கலைஞர்களும் இல்லாமல், அதே பெயரில், முழுக்கப் புதிய இசையை அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது.

இழப்புகளின் வரிசை

1969இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் உருவான குழு இது. 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான நேரடிக் கச்சேரித் தொகுப்பு அவர்களை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று, ஸ்லைடு கிதார் கலைஞர் டுவேன் ஆல்மன் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில், அதே ஊரில், அதேபோன்ற விபத்தில் பேஸ் கிதார் கலைஞர் பெர்ரி ஓக்லியும் போனார். இறக்கும்போது இருவருக்கும் வயது 24.

அதன் பிறகு குழுவின் முகமாக நின்றவர் மற்றொரு கிதார் கலைஞரான டிக்கி பெட்ஸ். 'ராம்ப்ளின் மேன்', 'ஜெசிக்கா' ஆகியவை அவர் எழுதியவை. ப்ளூஸின் இருளோடு நாட்டுப்புற இசையின் வெளிச்சத்தைச் சேர்த்தவர் அவர். இரண்டு முறை கலைந்து, 1989இல் மீண்டும் சேர்ந்த குழு, 2000இல் அவரைப் பிரிந்தது. மீண்டும் சேர்ந்தபோது வந்த கிதார் கலைஞர் வாரன் ஹேய்ன்ஸ் 1997இல் விலகிப்போய், 2001இல் திரும்பினார். அவருக்கு எதிர்ப்புறத்தில் நின்றவர் டிரம்மர் புட்ச் டிரக்ஸின் சகோதரர் மகன் டெரெக் டிரக்ஸ். டுவேன் இறந்து ஏழாண்டுக்கு மேல் கழித்துப் பிறந்தவர், 1999இல் இருபது வயதில் குழுவில் சேர்ந்தவர்.

கிதார்களின் உரையாடல்

டுவேனும் பெட்ஸும் ஒரே மெட்டை இரண்டு சுருதி நிலைகளில் இணையாக வாசித்து உருவாக்கிய இரட்டைக் கிதார் ஒலிதான் இக்குழுவின் முத்திரை. ஹேய்ன்ஸும் டெரெக்கும் அதை நகலெடுக்காததே இந்த ஆல்பத்தின் முதல் வெற்றி. ஹேய்ன்ஸின் வாசிப்பு பாடகருடையது: கனமான தொனி, அழுத்தமான வாக்கியங்கள், மூச்சு விடுவதற்கான இடைவெளிகள். டெரெக் பிக் இல்லாமல் விரல்களாலேயே வாசிப்பவர். கிதாரைத் திறந்த சுருதியில் வைத்து, கண்ணாடி ஸ்லைடால் ஸ்வரங்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடங்களைத் தொடுகிறார். சரோத் மேதை அலி அக்பர் கான் கலிஃபோர்னியாவில் நிறுவிய இசைக் கல்லூரியில் அவர் பயின்றிருக்கிறார். கமகத்துக்குப் பழகிய காதுகளுக்கு அந்தப் பாடத்தின் தடம் உடனே பிடிபடும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் தாவுவதில்லை, வழுக்கி, தயங்கி, வளைந்து போய்ச் சேர்கிறார்.

இந்த உரையாடலின் உச்சம் 'டெஸ்டிமோனா'. மெதுவான ஒரு ப்ளூஸ் புலம்பலாகத் தொடங்கும் பாடல் நடுவில் மூன்று எண்ணிக்கைத் தாளத்துக்கு மாறி ஜாஸாக விரிகிறது. ஜெய்மோ, புட்ச் டிரக்ஸ் என்ற இரண்டு டிரம்மர்களோடு மார்க் கினியோனெஸின் தாளக்கருவிகளும் சேர, அடித்தளம் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. மேலே கிதார்கள் ஒன்றுக்கொன்று இடம்விட்டு ஏறுகின்றன. 12 நிமிடங்களைத் தாண்டும் 'இன்ஸ்ட்ருமென்டல் இல்னெஸ்' இன்னும் துணிச்சலானது. வாத்திய இசை என்றாலே பெட்ஸின் பெயரை நினைக்கும் குழுவில், ஹேய்ன்ஸும் பேஸ் கலைஞர் ஓட்டீல் பர்பிரிட்ஜும் ஃபங்க், ஜாஸ் திசையில் தங்களுக்கென்று ஒரு பாதையைப் போட்டுக்கொண்டார்கள்.

வயதை எட்டிய குரல்

குழுவின் பாடகர் கிரெக் ஆல்மன் 'விப்பிங் போஸ்ட்' பாடலை எழுதியபோது அவருக்கு இருபதைச் சற்றே தாண்டிய வயது. அந்தக் குரலில் இருந்த களைப்பு மூத்த ப்ளூஸ் பாடகர்களிடமிருந்து கேட்டுப் பெற்றது. இந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு 55. நீண்ட காலப் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 'ஓல்ட் பிஃபோர் மை டைம்', 'ஹை காஸ்ட் ஆஃப் லோ லிவிங்' ஆகிய பாடல்களில் குரலும் அனுபவமும் முதன்முறையாக ஒரே வயதில் சந்திக்கின்றன. அவர் கத்துவதில்லை, கெஞ்சுவதில்லை. நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். இருபத்தொரு வயதில் யாராலும் இப்படிப் பாடியிருக்க முடியாது.

இறுதிப் பாடலான 'ஓல்ட் ஃபிரெண்ட்'டில் மின்சாரக் கருவிகளே இல்லை. ஹேய்ன்ஸும் டெரெக்கும் மட்டும் அகூஸ்டிக் கிதார்களோடு உட்கார்ந்து, மிசிசிப்பி டெல்டாவின் பழைய பாணியில் வாசிக்கிறார்கள். ஆல்மன் பிரதர்ஸின் ஸ்டுடியோ வரலாறு, ஸ்தாபகர்களில் ஒருவரும் வாசிக்காத பாடலோடு நிறைவடைகிறது. மரபு கைமாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏன் கவனம் பெறவில்லை?

முதல் காரணம், பெட்ஸின் பிரிவு. ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவரில்லாத குழுவை ஏற்கவே மறுத்தார்கள், ஆல்பத்தைக் கேட்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இரண்டாவது, குழுவின் புகழே மேடையில் பிறந்தது. ஆண்டுதோறும் மார்ச் மாதம் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் நடந்த கச்சேரிகளே குழுவின் உண்மையான முகம் என்றும், ஸ்டுடியோ ஆல்பம் அதற்கொரு முன்னோட்டம் என்றும் பலர் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது, காலம். இணையப் பதிவிறக்கத்தால் இசைத்தட்டு வணிகம் சரிந்துகொண்டிருந்த 2003இல், ஏழு, எட்டு, ஒன்பது நிமிடப் பாடல்கள் வானொலியில் நுழைய வழியே இல்லை.

குறைகள் இல்லாத ஆல்பம் அல்ல இது. எழுபத்தைந்து நிமிடம் என்பது அதிகம். 'மேடெல்' சாதாரணமான பாடல். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹார்ட் ஆஃப் ஸ்டோன்' நன்றாகப் பாடப்பட்டிருந்தாலும் இங்கே அவசியமில்லை. பெட்ஸின் மெட்டுகளில் இருந்த மலர்ச்சி இதில் எங்கும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் இந்தக் குறைகள் மையத்தைத் தொடவில்லை. டுவேனின் காலத்துக்குப் பின் வந்த ஸ்டுடியோ ஆல்பங்களில், 1973இன் 'பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' ஒன்றைத் தவிர வேறெதுவும் இதற்கு இணையாக நிற்காது.

குழு 2014 அக்டோபரில் தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. 2017இல் புட்ச் டிரக்ஸும் கிரெக் ஆல்மனும், 2024இல் பெட்ஸும் காலமானார்கள். கணக்கு முடிந்துவிட்ட நிலையில், பழைய கட்சி பிரிப்புகளுக்கு இனி பொருளில்லை. ஃபில்மோர் ஈஸ்ட் பதிவை ஏற்கெனவே அறிந்தவர்கள் அதைக் கேட்ட கையோடு 'டெஸ்டிமோனா'வையும் 'இன்ஸ்ட்ருமென்டல் இல்னெஸ்'ஸையும் கேளுங்கள். புதிதாக வருகிறவர்கள் இந்த ஆல்பத்திலிருந்தே தொடங்கினாலும் தவறில்லை.