மானிய நிலமும் தெரு வசூலும்

கண்டி அரசு 1815இல் விழுந்தது. புனேயின் பேஷ்வா ஆட்சி 1818இல் முடிந்தது. கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்து 1832இல் இறந்தான். கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் கான்பூருக்கு அருகே பிட்டூரில், ஆங்கிலேயர் கொடுத்த ஓய்வூதியத்தில் 1851 வரை காலம் தள்ளினார். ஏறத்தாழ ஒரே சமயத்தில் தலைநகர் அந்தஸ்தைப் பறிகொடுத்த இந்த இரண்டு ஊர்களும் இன்று வெளியூர்க்காரர்களை இழுப்பது ஒரே வகைக் காட்சியால்தான்: ஆண்டுக்கொருமுறை தெருவை அடைத்துக்கொண்டு நடக்கும் ஊர்வலம். கண்டியில் எசல பெரஹர. புனேயில் அனந்த சதுர்த்தசியன்று நடக்கும் கணபதி விசர்ஜனம். சுற்றுலாக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டில் கண்டியே கெட்டிக்கார ஊராகத் தெரியும். அங்கே குறித்த நேரம், குறித்த வழி, காசு கொடுத்தால் கிடைக்கும் நாற்காலி எல்லாம் உண்டு. புனேயில் ஊர்வலம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கண்டியிடமிருந்து புனே எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நாற்காலியை அல்ல என்பது என் கட்சி. எடுத்துக்கொள்ளத் தக்க ஒன்று அங்கே இருக்கிறது. அது பார்க்க வருகிறவர் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை.

பெரஹரவைப் பார்த்தவர்கள் யானைகளைப் பற்றிப் பேசுவார்கள், வெள்ளி நெற்றிப்பட்டம் மின்னும் வெஸ் நடனக்காரர்களைப் பற்றிப் பேசுவார்கள், கொப்பரைத் தேங்காய் எரியும் தீவட்டிகளின் வாசனையைப் பற்றியும் பேசுவார்கள். முன்னால் கசை சொடுக்குகிறவர்கள் போனபின், கொடிகளை அடுத்து ஒரு யானை வரும். அதன் மேல் பெரமுனே ரால என்ற அதிகாரி ஓர் ஓலைச் சுவடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது புனித நூல் அல்ல. புத்தரின் தந்தத்தைக் காக்கும் தலதா மாளிகைக்கு எந்தெந்த நிலம் சொந்தம், அந்த நிலத்தை உழுது தின்னும் குடும்பம் எந்தெந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்ற கணக்கு அது. ஒரு கலைவிழா தன் சொத்துப் பதிவேட்டையே முன்வரிசையில் ஏற்றிக்கொண்டு போவது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது. நம் கோயில்களில் மேளக்காரருக்கும் மாலை கட்டுபவருக்கும் மானியம் விட்டிருந்த வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். மேளம் அடிப்பவனின் வயல், தீவட்டி பிடிப்பவனின் தோட்டம் எல்லாம் அந்தச் சுவடியில் அடக்கம். தலதா மாளிகைக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பெரஹரக்கள் வருகின்றன. அவற்றுக்கும் இப்படியே நிலமும் பணியும் உண்டு. (பத்தினி என்பது நம் கண்ணகிதான், அவள் பெரஹரவில் ஆடுவது பெண்கள்.) தேவாலயங்களின் விழாவாக இருந்ததில் புத்தரின் தந்தத்தை முன்னே வைக்கச் செய்தவன் மதுரை நாயக்கர் வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் என்பது வழிவழிச் செய்தி. ஆக, ஊர்வலத்தின் வரிசையை மாற்ற முடிந்திருக்கிறது. அதைத் தாங்கிய நில ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றது. 1815 ஒப்பந்தத்தில் பௌத்த மதத்தைக் காப்பதாக ஆங்கிலேயர் எழுதிக் கொடுத்தார்கள். 1870இல் வந்த ஊழிய நிலச் சட்டம், பணிக்குப் பதில் பணம் கட்டிவிட்டு விலகவும் வழி வைத்தது. 1931ஆம் ஆண்டின் பௌத்த விகாரை தேவாலகமச் சட்டத்தின் கீழ்தான் தலதா மாளிகையின் காப்பாளரான தியவடன நிலமே இன்றும் தேர்ந்தெடுக்கப்படுகிறார். சட்டங்கள் மாறி மாறி வந்தும் பெரஹரவுக்கு ஒரு சொந்தக்காரர், ஒரு நிர்வாகம், ஒரு காணி என்ற அடிப்படை குலையவில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். அந்த நிலத்தோடு சாதியும் ஒட்டிக்கொண்டு வந்தது. பறை அடிக்கும் பெரவா சமூகத்துக்கு அந்தச் சுவடி சோறு போட்ட அளவுக்குச் சிறுமையையும் கொடுத்தது. 'ராஜகாரிய' என்ற கடமையிலிருந்து பிள்ளைகளை விடுவிக்கப் பெற்றோர் நினைப்பதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கண்டி மாதிரி என்று யார் பேசினாலும் இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் முகவர்களும் விற்கும் இருக்கையில் காசு கொடுத்து உட்காரும் வெளிநாட்டவரும், காலையிலேயே பாய் விரித்து நடைபாதையில் இடம்பிடித்த கிராமத்துக் குடும்பமும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். அந்த இருக்கைப் பணம் மேளக்காரரின் கைக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. நாற்காலி வியாபாரம் விழாவின் மேல் படர்ந்த கொடி, வேர் அல்ல. வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரிவது கொடி மட்டும்தான் என்பதால்தான் கண்டியைப் பார்த்துத் தவறான பாடம் படிக்க நேர்கிறது.

புனேயில் காணி கிடையாது. பேஷ்வாக்கள் தங்கள் அரண்மனையான ஷனிவார் வாடாவில் ஆடம்பரமாகக் கொண்டாடிய கணபதி விழா, அவர்கள் ஆட்சி போனதும் வீடுகளுக்குள் சுருங்கியது. 1890களில் அது மறுபடி தெருவுக்கு வந்தபோது அதற்கு அரசனும் இல்லை, மானியமும் இல்லை. தெருத்தெருவாகத் தண்டிய 'வர்கணி'தான் முதல். நம் ஊர்த் திருவிழாவின் தலைக்கட்டு வரி போல என்று வைத்துக்கொள்ளலாம், கட்டாயம் மட்டும் கிடையாது. முதலில் தொடங்கியவர் பாவுசாகேப் ரங்காரியா, லோகமான்ய திலகரா என்று புனேக்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் இல்லாத விழாவுக்கு மூலவர் யார் என்ற வழக்கு ஓயாது, ஓயவும் வேண்டியதில்லை. மரியாதை வரிசை மட்டும் உண்டு: கஸ்பா கணபதி, தாம்ப்டி ஜோகேஷ்வரி, குருஜி தாலிம், துளசிபாக், கேசரி வாடா என்ற ஐந்தும் முதலில் போகும். மண்டை அங்காடிக்கு அருகில் கிளம்பி, லட்சுமி சாலை வழியாக, அல்கா சௌக்கைக் கடந்து முட்டா ஆற்றை நோக்கி. அந்த ஐந்துக்கும் பின்னால் தெருக்குழுக்களான மண்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்க, ஊர்வலம் 24 மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். இந்த ஊர்வலத்தின் உயிர் டோல்-தாஷா பதக்குகள் என்ற மேளக்குழுக்கள். இடுப்பில் கட்டிய பெரிய டோலின் ஒரு பக்கத்தைக் கையாலும் மறு பக்கத்தைக் குச்சியாலும் அடிக்கிறார்கள், தாஷா வேகத்தை ஏற்றி இறக்கும், ஜாஞ்ச் ஒலிக்கும், காவிக்கொடி ஒன்று தலைக்கு மேல் சுழலும். அடிப்பவர்கள் கல்லூரி மாணவர்கள், கணினி நிறுவன ஊழியர்கள், இல்லத்தரசிகள். பரம்பரை கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. இரண்டு மாதம் மாலை நேரத்தில் பயிற்சிக்கு வரத் தயாரா என்பது மட்டுமே கேள்வி. கண்டியின் சுவடி கட்டிப்போட்டதை புனே கட்டவிழ்த்துவிட்டது. மராட்டியப் பெருமை பேசுகிறவர்கள் கோட்டைகளை விட்டு இதைப் பேசினால் நன்றாக இருக்கும்.

இரண்டு ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு கொரோனாக் காலத்தில் வெட்டவெளிச்சமானது. கண்டியில் பார்வையாளர் இல்லாமலே பெரஹர நடந்தது. யானை நடந்தது, ஓலைச் சுவடி போனது, புத்தரின் தந்தத்துக்கான பேழை போனது. தெரு வெறிச்சோடியிருந்தாலும் சடங்கு குறையவில்லை. புனேயில் 2020இல் ஊர்வலமே இல்லை. மானமிகு ஐந்து கணபதிகளும் பந்தலுக்கு அருகிலேயே தொட்டியில் கரைக்கப்பட்டார்கள். கண்டியில் பார்ப்பவர் விருந்தாளி; புனேயில் பார்ப்பவரும் விழாவின் ஒரு பாகம். இது புரியாமல் லட்சுமி சாலையில் நாற்காலி போட்டு விற்க நினைத்தால், விற்கிற பொருளே கையை விட்டுப் போய்விடும்.

அப்படியானால் கூச்சலும் நெரிசலும் அப்படியே இருக்கட்டும் என்கிறீர்களா என்று கேட்கலாம். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒலி தண்டனைதான், மறுக்கவில்லை. 2024இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு பதக்கில் 30 பேருக்கு மேல் கூடாது என்றது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இரண்டுமே ஊர்வல நாளை மட்டும் பார்த்த தீர்வுகள். சிக்கல் அதற்கு இரண்டு மாதம் முன்பே, பயிற்சி நடக்கும் இடத்தில் தொடங்குகிறது. ஆற்றங்கரையிலும் பாலத்தடியிலும் கிடைத்த வெளியில் அடிக்கிறார்கள். பக்கத்துக் குடியிருப்பு காவல் நிலையத்துக்குப் போகிறது. இப்போது முளா-முட்டா ஆற்றங்கரையை அழகுபடுத்தும் பெரிய திட்டம் ஒன்று நடக்கிறது. நடைபாதையும் பூங்காவும் வந்த பிறகு பதக்குகள் எங்கே போகும்? கண்டியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்று முதலில் நான் சொன்னது இங்கேதான் பொருந்தும். சாதியைக் கழித்துவிட்டு அந்தச் சுவடியைப் படித்தால் மிஞ்சுவது ஓர் உறுதிமொழி: அடிப்பவனுக்கு ஊர் ஓர் இடம் கொடுத்திருக்கிறது, அதை யாரும் பிடுங்க முடியாது. குடியிருப்பிலிருந்து தள்ளி நான்கைந்து மைதானங்களை ஆண்டுக்கு இரண்டு மாதம் பதக்குகளுக்கு என்று மாநகராட்சி எழுதி ஒதுக்கினால் ஒலிச் சண்டையில் பாதி அடங்கிவிடும். மாநில அரசு 2025இல் கணேஷோத்சவத்தை மாநில விழாவாக அறிவித்தது. அறிவிப்போடு மைதானம் வந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம்.

விளம்பரத்துக்காகவே ஒரு விழாவை உண்டாக்கிப் பார்த்த அனுபவமும் புனேவுக்கு இருக்கிறது. 1989இல் சுரேஷ் கல்மாடி முன்னின்று தொடங்கிய புனே ஃபெஸ்டிவல், கணபதி நாட்களை ஒட்டிச் சுற்றுலாவை மனத்தில் வைத்து உருவானது. திரை நட்சத்திரங்களின் நாட்டியம், பாட்டு, போட்டிகள் எல்லாம் உண்டு. அதனோடு சவாய் கந்தர்வ விழாவை ஒப்பிட்டுப் பாருங்கள். தம் குரு சவாய் கந்தர்வர் 1952இல் மறைய, அடுத்த ஆண்டு பீம்சேன் ஜோஷியும் நண்பர்களும் நினைவு நிகழ்ச்சியாகத் தொடங்கியது அது. சுற்றுலாப் பயணி என்ற எண்ணமே அப்போது கிடையாது. ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டார்கள். சென்னையின் மார்கழிபோல் இன்று டிசம்பரில் அதற்கென்றே வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். விருந்தாளிக்காக நட்டதைவிடத் தனக்காக நட்டது நன்றாக வேர்பிடித்திருக்கிறது என்பது என் கணிப்பு.

கட்டடங்களைப் பொறுத்தவரை புனேயின் கணக்கு மோசம். 1730களில் எழுந்த ஷனிவார் வாடா 1828 தீயில் உள்ளே எல்லாம் போய், மதிலும் வாசலும் தோட்டமுமாக நிற்கிறது. அதைச் சுற்றிய நூறு மீட்டரில் புதுக் கட்டுமானம் கூடாது என்ற மத்திய சட்டத்தால் அக்கம்பக்கத்துப் பழைய வாடா வீடுகள் மறுபடி கட்ட வழியின்றி இடிந்துகொண்டிருக்கின்றன. சாவித்ரிபாய் புலே 1848இல் பெண்களுக்குப் பள்ளி நடத்திய பிடே வாடா, நீண்ட வழக்குக்குப் பிறகு 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது. நினைவுச் சின்னம் கட்டுவதற்காக! இடியும் நிலையில்தான் இருந்தது என்பது உண்மை. இடியும்வரை விட்டது யார் என்பதும் கேள்வி. கண்டி புனித நகரம் 1988இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 1998 ஜனவரியில் விடுதலைப் புலிகளின் லாரிக் குண்டு தலதா மாளிகையின் முகப்பைக் கிழித்தபோது ஊர் அதைக் காத்திருக்கவிடாமல் சீர்செய்தது. உள்ளே விழா உயிரோடு இருந்ததால் கட்டடத்துக்கு அவசரம் இருந்தது. ஷனிவார் வாடாவுக்குள் அப்படி எதுவும் நடப்பதில்லை.

காசு இல்லாமல் இதெல்லாம் எப்படி, சுற்றுலாதானே காசு கொண்டுவரும் என்பது கடைசி மறுப்பு. கொண்டுவரட்டும். 2025இல் மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. அவற்றில் ஒன்று நம் செஞ்சி. சிவ்நேரி, ராஜ்கட், லோஹ்கட் மூன்றும் புனே மாவட்டத்தில். பயணிகள் கூடத்தான் செய்வார்கள், பெரும்பாலோர் புனேயில்தான் இரவு தங்குவார்கள். பகலெல்லாம் மலையேறி இறங்கியவருக்கு மாலையில் இந்த ஊர் காட்டக்கூடிய சிறந்த பொருள் ஒரு மராத்தி நாடகம். அதற்குப் பெயர்பெற்ற மேடை 1968இல் திறந்த பால் கந்தர்வ ரங்கமந்திர், மாநகராட்சிக்குச் சொந்தமானது. அதை இடித்துவிட்டு வணிக வளாகத்தோடு பெரிதாகக் கட்டலாம் என்று மாநகராட்சி சில ஆண்டுகளாகப் பேசிவருகிறது, நடிகர்கள் எதிர்த்து வருகிறார்கள். புதுச் சுற்றுலாக் கொள்கை எழுதுவதற்கு முன், புது அரங்கில் நாடகக் குழுவுக்கு இத்தனை நாள், இந்த வாடகை என்று எழுத்தில் கொடுக்க மாநகராட்சி தயாரா என்பதை அந்த நடிகர்கள் கேட்டு வாங்கிவிட வேண்டும்.