வேதியியலுக்கும் விலைப்பட்டியலுக்கும் நடுவே

1994-இல் ஜெர்மனி, உடம்பில் படும் துணியிலும் தோல் பொருளிலும் சில வகை அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. சிதையும்போது புற்றுநோய் வரவழைக்கக்கூடிய அமீன்களாக அவை மாறும் என்பது காரணம். செய்தி வாணியம்பாடிக்கும் திருப்பூருக்கும் வந்தபோது, அதை வணிகச் செய்தி என்றோ வேதியியல் செய்தி என்றோ பிரித்துப் பார்க்க வழியில்லை. எந்தச் சாயம் ஆகாது, மாற்றுச் சாயம் கிலோ என்ன விலை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விலையில் அந்தக் கூடுதல் செலவை யார் தாங்குவது, கப்பலேறிவிட்ட சரக்கை என்ன செய்வது என்று எல்லாக் கேள்விகளும் ஒன்றாகவே வந்தன. பின்னர் 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் இப்படியொரு விதி வந்தது. அந்த அமீன்களுக்கான வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம்.

பொறியியலோ அறிவியலோ முடித்தவர் அடுத்துப் பன்னாட்டு வணிக மேலாண்மை படிக்கலாமா என்ற கேள்விக்கு, படிக்கலாம் என்று சொல்ல இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. தோல் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-இல் வந்த குரோமிய விதியும் இதே ரகம்தான். தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம். ஆகாதது ஆறாம் நிலைக் குரோமியம். வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். பதனிட்டு முடிந்த பிறகும், கிடங்கிலும் பயணத்திலும் படும் சூட்டில், சேர்த்த எண்ணெயின் தன்மையைப் பொறுத்து, மூன்றாம் நிலை ஆறாம் நிலையாக மாறக்கூடும். தொழிற்சாலையில் தேறிய தோல் ஹாம்பர்க்கில் தேறாமல் போகலாம் என்று பொருள். அப்போது நட்டம் யாருடையது என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும். எந்த நிலையில் மாற்றம் நடந்தது என்பதை ஆய்வகம் சொல்லும். இரண்டையும் ஒருசேரப் படிக்கத் தெரிந்தவர் ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்தால் அவர் சம்பளத்தைப் பற்றி முதலாளி புலம்ப மாட்டார்.

இதில் எல்.சி. என்னும் கடன் உறுதிக் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007-இல் நடைமுறைக்கு வந்த யு.சி.பி. 600 விதிகளின்படி வங்கி பார்ப்பது ஆவணத்தை, சரக்கையல்ல. எல்.சி.யில் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டிருந்து, கொடுத்த ரிப்போர்ட் அதில் கேட்டபடி இல்லையென்றால் சரக்கு எவ்வளவு நல்லதாயிருந்தாலும் பணம் நின்றுவிடும். நான்கு ஆண்டு பொறியியல் வகுப்பில் இந்தப் பேச்சே எழுவதில்லை. செலவுக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, அந்நியச் செலாவணி அபாயம் எதுவும் தெரியாமல் ‘தொழில்நுட்பம் தெரியும்’ என்று நிற்கும் பட்டதாரியை நாம் ஆண்டுதோறும் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். ஆகவே குறை உண்மையானது. அதை நிரப்ப ஒரு படிப்பு வேண்டும் என்பதும் நியாயமே.

ஆனால் சந்தையில் கிடைக்கும் படிப்பு அதை நிரப்புகிறதா?

நம் மாணவர்கள் அதிகம் நாடும் பிரிட்டனின் ஓராண்டு எம்.எஸ்சி.யை எடுத்துக்கொள்வோம். ‘எந்தத் துறைப் பட்டமும் போதும்’ என்பதே பல இடங்களில் அதன் விளம்பரம். போதும் என்றால், அந்தத் துறை தேவையில்லை என்றும் பொருள். மெட்டலர்ஜி படித்தவரும் ஆங்கில இலக்கியம் படித்தவரும் ஒரே பாடத்தை ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டுமென்றால், பாடம் இருவருக்கும் பொதுவான மட்டத்துக்குத்தான் இறங்கும். முதல் பருவத்தில் ஸ்வாட், பெஸ்டல், போர்ட்டரின் வைரம் என்னும் பொதுவான பகுப்பாய்வுச் சட்டகங்கள். கூடவே ஹாஃப்ஸ்டெடின் பண்பாட்டு அளவுகோல். அந்த அளவுகோல், 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து பிறந்தது. அதில் ‘அதிகார இடைவெளி’ என்ற அளவில் இந்தியாவுக்கு 77, பிரிட்டனுக்கு 35. ஒரு நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே எடைபோடலாமா என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002-இலேயே விரிவாக எதிர்க்கேள்வி எழுப்பிவிட்டார். ஆனால் அசைன்மென்டுகளில் 77-ம் 35-ம் இன்னும் சாகவில்லை. அளவுக் கருவியின் பிழையைப் பற்றிக் கேட்கப் பழகிய அறிவியல் மாணவர், இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால்தான் மதிப்பெண் வாங்க முடியும் என்ற நிலை ஒரு விசித்திரம்.

படிப்பை அதன் பாடத்திட்டத்துக்காக எத்தனை பேர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. 2021 ஜூலையில் பிரிட்டன் படிப்புக்குப் பிந்தைய இரண்டாண்டு விசாவைத் திறந்தது. கல்விக் கடனும் கன்சல்டன்சிகளும் அதன் பின்னால் ஓடின. 2024 ஜனவரியிலிருந்து இத்தகைய முதுகலை மாணவர்கள் குடும்பத்தாரை அழைத்துச் செல்ல முடியாது. 2027 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த இரண்டாண்டு பதினெட்டு மாதமாகச் சுருங்குகிறது. திறன் பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாக நுழைபவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும் அதுவும் சின்னத் தொகையல்ல. பொதுப்படையான மேலாண்மைப் பட்டத்துக்கு அந்தச் சம்பளம் தர முதலாளி தயங்குவார். கையிலிருந்த பொறியியலுக்கு ஒருவேளை தந்திருப்பார்; ஆனால் அது ஓராண்டாகத் தூசி படிந்து கிடக்கிறது.

இந்தியாவுக்குள் நிலைமை கொஞ்சம் வேறு. 1963-இல் வணிக அமைச்சகத்தின் கீழ் தொடங்கிய ஐ.ஐ.எஃப்.டி. என்னும் இந்திய வெளிநாட்டு வணிக நிறுவனம், ஏற்றுமதி இறக்குமதியையே மையமாக வைத்துப் பிறந்தது. அங்கே எல்.சி.யும், விற்பவர் வாங்குபவர் பொறுப்பை வகுக்கும் இன்கோடெர்ம்ஸும் ஓரப் பாடங்கள் அல்ல. அங்கே படித்தவர்களிலும் பலர் கன்சல்டிங்குக்கும் நுகர்பொருள் நிறுவனங்களுக்குமே போகிறார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் ஆம்பூரிலோ கரூரிலோ தொழில் செய்யப் போகிறவருக்குப் பொதுப்படையான வெளிநாட்டுப் பட்டத்தைவிட இதைத்தான் நான் சொல்வேன்.

இன்னொன்று, வேலையும் படிப்பும் வரும் வரிசை. அனுபவமில்லாதவருக்கு மேலாண்மை கற்பிக்க முடியாது என்று மேலாண்மைப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொல்வது முழுக்கச் சரியென்று நான் நினைக்கவில்லை. கணக்கியலை இருபத்திரண்டு வயதிலும் கற்கலாம். ஆனால் பேரம், விநியோகத் தாமதம், பையரின் கோபம் இவற்றுக்கு அவர் வாதம் பொருந்தும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் படித்த இந்திரா நூயி, கல்கத்தா ஐ.ஐ.எம்.முக்குப் பிறகு மேட்டூர் பியர்ட்செல்லில் துணி விற்பனையையும் வேறு நிறுவன வேலையையும் பார்த்துவிட்டுத்தான் யேலுக்குப் போனார். சத்யா நாதெல்லா மைக்ரோசாஃப்டில் வேலை செய்துகொண்டே சிகாகோவில் எம்.பி.ஏ. முடித்தார். கல்லூரி விளம்பரங்கள் இவர்களின் பட்டங்களைக் காட்டும். பட்டங்களுக்கு நடுவே இருந்த வேலையைக் காட்டாது.

பழைய அறிவைப் புதியதோடு கோக்க அந்த ஓராண்டு எம்.எஸ்சி.யில் மாணவர் கையில் இருக்கும் ஒரே இடம் கடைசி ஆய்வேடு. ஆறாம் நிலைக் குரோமியச் சோதனையில் தேறாமல் திருப்பி அனுப்பப்படும் சரக்கின் செலவு யார் தலையில் விழுகிறது என்று ஒரு வேதியியல் பட்டதாரி எழுதினால், ஆம்பூரில் அதைப் பணம் கொடுத்து வாங்கிப் படிக்க ஆளிருக்கும். ஆனால் வழிகாட்டிக்கு வேதியியல் தெரியாது. மாணவர் கோடை முடிவதற்குள் சமர்ப்பித்தாக வேண்டும். தலைப்பு ‘நுகர்வோர் மனப்பான்மையில் சமூக ஊடகத்தின் தாக்கம்’ என்று மாறுகிறது. கூகுள் படிவம் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகிறது.